அந்தச் சீட்டை ஏன் கிழித்தீர்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. பட்டு நெசவாளர். இட்லிகூட நெஞ்சில் நிற்கிறது என்று ஆரம்பித்து, உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சென்னையில் ஐந்து வாரம் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்து, போன ஐப்பசியில் ஆபரேஷன் செய்தார்கள். உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து இணைத்திருக்கிறார்கள். இப்போது நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் 68 கிலோ இருந்தவர் 49 கிலோவாகிவிட்டார். நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வியர்த்து, படபடத்துப் படுத்துவிடுகிறார். இரவில் நாற்காலியிலேயே தூங்குகிறார். யாரோடும் பேச்சில்லை. அம்மா அழுதபடியே இருக்கிறார். தங்கைக்கு வரன் பார்ப்பதால் உறவினர்களிடம் அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். போன ரிவ்யூவில் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெரியவர் அப்பாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்து, போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவர் செய்யாற்றுக்காரர். அங்கே எங்களுக்குச் சொந்தங்கள் உண்டு என்பதால், சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். அன்று மட்டும் வரும் வழியில் காஞ்சிபுரத்தில் அப்பாவே இட்லி வாங்கித் தரச் சொன்னார். பசியெடுக்க என்ன டானிக் கொடுக்கலாம்? மனநல மருத்துவரிடம் காட்டலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத மகன், ஆரணி

பதில்: தம்பி, டானிக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தின் முடிவில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து நிற்கின்றன. செய்யாற்றுக்காரர் கொடுத்த சீட்டைக் கிழித்துப் போட்டது ஒன்று. அன்று மட்டும் அப்பாவே இட்லி கேட்டது இன்னொன்று. எழுதிய உங்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எட்டு மாதமாக நீங்களும் அம்மாவும் கெஞ்சியும் அதட்டியும் நடக்காத காரியம், முன்பின் அறியாத ஒருவரோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்ததில் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகும் என்னிடம் டானிக் பெயர் கேட்கிறீர்களே!

அது உங்களுக்கு எழுதிக் கொடுத்த சீட்டும் இல்லை. உங்கள் அப்பாவின் கையிலிருந்து வாங்கிக் கிழித்தபோது அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். எப்போது ஊசி, எப்போது ஸ்கேன், எத்தனை மணிக்குக் கஞ்சி என்று எல்லாவற்றையும் அடுத்தவர்கள் தீர்மானிக்க, வாய் திறக்காமல் உட்பட்டே பழகிவிட்டார். நோய் வந்த பிறகு அவராகத் தேடிக்கொண்ட ஒரே சிநேகிதம் அது. யாரோடும் பேச்சில்லை என்று குறைப்படுகிறீர்கள். யாரோடு பேச விட்டீர்கள்? பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், நெஞ்சிலும் வயிற்றிலும் அவ்வளவு பெரிய தையலை வைத்துக்கொண்டு, அல்சர் என்று நடிக்க வேண்டும். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொய் சொல்ல முடியாத மனிதர் பேச்சை நிறுத்திவிடுவார். வேறென்ன செய்வார்?

இந்த ஆபரேஷன் ஆன இரண்டு பேர் சந்தித்தால் தத்துவம் பேசமாட்டார்கள். தட்டைப் பற்றிப் பேசுவார்கள். "நீங்கள் எத்தனை வாய்? தண்ணீர் எப்போது? ராத்திரி எப்படிப் படுக்கிறீர்கள்?" டாக்டர் இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருப்பார். அன்றைக்கு யார் காதில் ஏறும்? தன்னைப் போலவே மெலிந்து, தன்னைப் போலவே சட்டை தொளதொளத்து நிற்கும் ஒருவர் சொல்லும்போதுதான் ஏறும்.

அவர் சொல்லக்கூடியவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் படியுங்கள். முன்பு பை போல இருந்து சாப்பாட்டைத் தேக்கி வைத்த இரைப்பை, இப்போது ஒடுங்கி நெஞ்சுக்குள் நிற்கிறது. அதில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இடமில்லை. ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளை, ஒவ்வொரு வேளையும் கைப்பிடி அளவு. பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. பசியைச் சொல்லும் நரம்பும் ஆபரேஷனில் அறுபட்டுப்போகிறது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று நீங்கள் அழுகிற அந்த நாலு வாய், இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கினால் போதும். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து முன்னால் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பார்த்தவுடனே தோற்றுப்போன உணர்வு வந்துவிடுகிறது அவர்களுக்கு.

வியர்ப்பதும் படபடப்பதும் பயத்தினால் என்று நினைத்திருப்பீர்கள். அம்மா என்ன கொடுக்கிறார் என்று எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் தேறட்டும் என்று சத்துமாவுக் கஞ்சியிலும் பாலிலும் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டு, டம்ளர் நிறைய ஆற்றிக் கொடுப்பார்கள். அந்த இனிப்பு தேங்காமல் விறுவிறுவென்று குடலில் இறங்கும்போது, உடம்பின் நீரெல்லாம் அங்கே பாய்கிறது. அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, கிறுகிறுப்பு. இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு தளர்ச்சி வரும். அது இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போவதால் வருவது. நீங்கள் தேடும் டானிக்குகளில் பல சர்க்கரைப் பாகில் கரைத்தவை. அதை ஊற்றினால் இன்னும் மோசமாகும். முட்டை, பருப்பு, தயிர், நன்றாகக் குழைந்த சாதம், மெல்ல முடிந்தால் மீன். எதுவானாலும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். அளவையும் வகையையும் மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள்.

நாற்காலித் தூக்கமும் பைத்தியக்காரத்தனம் இல்லை. சாப்பிட்டது மேலே வராமல் தடுக்கும் தசை ஆபரேஷனோடு போய்விட்டது. மல்லாந்து படுத்தால் பித்தம் தொண்டைவரை எரித்துக்கொண்டு வரும். நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். இனி வாழ்நாள் முழுவதும் அப்படித்தான். இரவுச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் அவரால் தறியிலும் உட்கார முடியாமல் இருக்கும். குழிக்குள் காலை விட்டு, பாவின் மேல் குனிந்து வேலை செய்கிறவருக்கு, சாப்பிட்டவுடன் குனிந்தால் எல்லாம் எதிர்த்துக்கொண்டு வரும். தறியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, தம்பி. பிள்ளைப் பருவத்திலிருந்து நெய்த கை எட்டு மாதம் சும்மா கிடந்தால் சாப்பாடு எப்படி இறங்கும்? காலையில் சாப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் தறியில் உட்காரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

68 கிலோ என்ற கணக்கையும் விடுங்கள். இந்த ஆபரேஷன் ஆன பலர் பழைய எடைக்குத் திரும்புவதில்லை. ஓர் இடத்தில் எடை நிலைத்து, நடமாட்டம் இருந்தால் அதுவே நல்ல உடம்பு. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். அதற்கு மேலும் இறங்கிக்கொண்டே போனால் ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் போங்கள். சாப்பாடு மறுபடி நெஞ்சில் நிற்க ஆரம்பித்தாலும் அன்றே சொல்ல வேண்டும். இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிடுவார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் அதை மறைத்து வைத்து, பட்டினி கிடந்து உருகுகிறவர்கள் உண்டு. அல்சர் என்று பொய் சொல்லப் பழகிய வீட்டில் இது சுலபமாக நடக்கும்.

இப்போது தங்கையின் கல்யாணத்துக்கு வருகிறேன். இந்த நோய் ஒட்டிக்கொள்வதில்லை. மிக அபூர்வமான சில குடும்பங்களைத் தவிர, பரம்பரையாக இறங்குவதும் இல்லை. புகையிலையும் மதுவும் பெரிய காரணங்கள். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால், அந்தக் குற்ற உணர்வும் தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அதையும் பழிக்காமல் கேட்கக்கூடியவர் அந்தச் செய்யாற்றுக்காரர்தான். மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். சொன்னதும் எழுந்து போகிறவர்கள் போகட்டும். நாளைக்கு உங்கள் தங்கை தலைவலி என்று படுத்தால் அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பது இன்றே தெரிந்துவிடும். இந்தப் பொய் தனக்கு வேண்டுமா என்று தங்கையிடம் ஒரு தரம் கேட்டீர்களா? தன் கல்யாணத்துக்காகத் தன் அப்பா வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் எந்தப் பெண் மனம் ஒப்பித் தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள்? மகனின் கடமை அப்பாவின் நோயை ஊர் கண்ணிலிருந்து மறைப்பதுதான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. அதிலிருந்து எழுந்ததுதான் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அதற்குப் பிறகும் எத்தனை குடும்பங்கள் அல்சர் என்ற போர்வைக்குள்ளேயே இருக்கின்றன!

இன்னொன்றும் உங்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெரியவர் உதவி செய்வதற்காக மட்டும் நம்பர் கொடுத்திருக்க மாட்டார். அவருக்கும் துணை வேண்டியிருந்திருக்கும். ஒரு போன் வரும் என்று அவரும் பார்த்திருப்பார். பிரிட்டனில் இந்த நோயாளிகளுக்கென்றே 1985இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆபரேஷன் முடிந்து தேறியவர்கள், புதிதாக ஆபரேஷனுக்குப் போகிறவர்களோடு போனில் பேசுவது அதன் முக்கியமான வேலை. எடுத்துக்கொள்கிறவர், கொடுக்கிறவர் என்று அங்கே இரண்டு சாதி கிடையாது. ஆறு மாதம் கழித்து உங்கள் அப்பாவே, தலைமாட்டில் செங்கல் வைக்கச் சொல்லி இன்னொருவருக்குக் கற்றுக் கொடுப்பார். ஒரு மனிதர் தன்னால் பயனுண்டு என்று உணர்வதைவிடப் பசியைத் தூண்டுவது எதுவுமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அவருடைய மாத்திரையை இவர் விழுங்கக் கூடாது. மருந்து டாக்டருடையது.

மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டுங்கள், தவறே இல்லை. வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அன்றே கூட்டிப் போங்கள். ஆனால் வீட்டில் வாயைக் கட்டிவிட்டு, டாக்டரிடம் போய் மனம் திறக்கச் சொல்லாதீர்கள்.

இன்று ராத்திரி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டைக் கிழித்தது தப்பு என்று சொல்லுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் சொல்லுங்கள். மருத்துவமனையில் கேட்டால் இன்னொரு நோயாளியின் நம்பரைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அப்பாவின் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, ஓ.பி. சிஸ்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ கொடுத்து, செய்யாற்றுக்காரர் வந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். போன தடவை போன அதே கிழமையில் ரிவ்யூ வாங்கினால், அவரே வந்திருக்கவும் கூடும். ஆரணியிலிருந்து செய்யாறு பஸ்ஸில் எட்டும் தூரம்தான். பிறகு அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் பேசும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மருந்து வாங்கும் வரிசையில் நில்லுங்கள்.