மூக்கு மறுபடி முளைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

‘தாவோ’ என்ற பழைய சீன மரபின் தியானத்தைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், அமைதி தேடிப் போனவர்களைவிட மருந்து தேடிப் போனவர்கள்தான் அதிகம் என்று தெரிகிறது. நான் ஆசான் இல்லை. 31 வருடம் பத்திரிகைகளில் மெய்ப்புத் திருத்தியவன், 17 வருடமாகக் காலையில் அரை மணி நேரம் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. நான்கு வருடமாக ஓர் ஆசிரியரிடம் நின்ற நிலைத் தியானமும், ‘உட்கார்ந்து மறத்தல்’ பயிற்சியும் கற்கிறேன். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. சின்ன வயதில் வீட்டில் அடியும் திட்டும் அதிகம். விடாமல் செய்தால் பழையதெல்லாம் கரைந்து, பிறந்த குழந்தையின் மனம் திரும்பிவிடும் என்கிறார் ஆசிரியர். ஆனால் அலுவலகத்தில் மேலதிகாரி குரலை உயர்த்தினால் போதும், எட்டு வயதுப் பிள்ளை ஆகிவிடுகிறேன். நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் சரியாகத்தான் செய்கிறேனா? இன்னும் எத்தனை வருடம் ஆகும்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: உங்களுடைய கேள்வியை 2,000 வருடங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். சுவாங்சு என்ற பழைய தாவோ நூலின் ஆறாவது அதிகாரத்தில் அது வருகிறது.

யி எர்சு என்பவர், சூ யூ என்ற துறவியைத் தேடி வருகிறார். “யாவ் மன்னர் உனக்கு என்ன கொடுத்து அனுப்பினார்?” என்கிறார் சூ யூ. “அன்பையும் நேர்மையையும் கடைப்பிடி, எது சரி எது தப்பு என்று தெளிவாகப் பேசு என்றார்.” “அப்புறம் இங்கே எதற்கு வந்தாய்? அன்பு, நேர்மை என்று உன் முகத்தில் பச்சை குத்திவிட்டார். சரி, தப்பு என்று மூக்கையும் அறுத்துவிட்டார். நீ எப்படி இஷ்டப்படி உலாவப் போகிறாய்?” முகத்தில் பச்சை குத்துவதும் மூக்கை அறுப்பதும் பழைய சீனத்தில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைகள். குத்தினால் குத்தினதுதான்.

யி எர்சு விடவில்லை. “படைத்தவன் என் பச்சையை அழித்து, மூக்கையும் சரிசெய்து, என்னை முழு ஆளாக உங்கள் பின்னால் நடக்க வைக்க மாட்டான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கிறார். சூ யூவின் பதில் ஒரே வரி: “அட, அது தெரியாதுதான்.”

எனக்கு இந்த ‘தெரியாதுதான்’ ரொம்பப் பிடிக்கும். உங்கள் ஆசிரியர் மாதிரி “கரைந்துவிடும்” என்று வாக்குக் கொடுக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று கையை விரிக்கவும் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த அளவு தாவோவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கிறார். அறுந்த மூக்கோடு வந்தவனைத் திருப்பி அனுப்பவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். நானே பல தடவை படித்த பிறகுதான் கவனித்தேன். அந்த முகத்தில் குத்தியிருந்தது என்ன? அடியோ திட்டோ இல்லை. அன்பு, நேர்மை. நல்ல பிள்ளையாக வளர்த்ததைத்தான் சூ யூ தழும்பு என்கிறார். அதே அதிகாரத்தில்தான் நீங்கள் செய்கிற ‘உட்கார்ந்து மறத்தல்’ கதையும் இருக்கிறது. யான் ஹூய் என்ற சீடர் கன்பூசியஸிடம் வந்து, “முன்னேறிவிட்டேன், அன்பையும் நேர்மையையும் மறந்துவிட்டேன்” என்கிறார். “நல்லது, இன்னும் போதாது.” இன்னொரு நாள் வந்து, “சடங்கையும் இசையையும் மறந்துவிட்டேன்” என்கிறார். அதற்கும் அதே பதில். கடைசியில்தான் “உட்கார்ந்து மறக்கிறேன்” என்று வந்து நிற்கிறார். அவர் மறந்த பட்டியலில் ஒரு துக்கமோ, பழைய காயமோ கிடையாது. மறந்ததெல்லாம் பெரியவர்கள் மெச்சுகிற விஷயங்கள்.

உங்கள் கடிதம் ஆறு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். ‘சரியாகத்தான் செய்கிறேனா’ என்பது அதில் நான்கு இடத்தில் வருகிறது. பழைய தொழில் புத்தி, எண்ணிவிட்டேன். நான்கு வருடத்தில் ஒரு நாள் தவறவிட்டதில்லை என்கிறீர்கள். அம்மா, பாராட்டத் தோன்றவில்லை, கொஞ்சம் கவலையாக இருக்கிறது. திட்டு வாங்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை இப்போது தியானத்தில் திட்டு வாங்காமல் இருக்கப் பார்க்கிறதோ? அப்படியானால் காலையில் நிற்பதும் அந்த எட்டு வயதுப் பிள்ளைதான், மேலதிகாரி முன்னால் நாக்கு ஒட்டி நிற்பதும் அதுதான். இந்த வாரம் ஒரு நாள் வேண்டுமென்றே பயிற்சிக்கு மட்டம் போடுங்கள். ஆசிரியரிடம் சொல்லாதீர்கள். வயிற்றில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் ஆசிரியர் எதையும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திரும்புவது, தாவோ மரபின் ஆதி ஆசானாகச் சொல்லப்படும் லாவோ சுவிலேயே உண்டு. தாவோவின் ஒரு கிளையான லோங்மென் மரபைச் சேர்ந்த லியூ யிமிங் (1734–1821) தாவோ ரசவாத நூல்களுக்கு உரை எழுதியபோது, உலை, பாதரசம், ஈயம் எல்லாம் மனதைப் பற்றிய பேச்சுத்தான் என்று விளக்கினார். பிறப்பதற்கு முன் இருந்தது, பிறந்தபின் சேர்ந்தது என்று மனிதனை இரண்டாகப் பார்ப்பது அந்த மரபு. பிறந்தபின் சேர்ந்ததைக் கழித்துக்கொண்டே போ என்பார்கள். ஆனால் அந்த ‘பிறந்தபின் சேர்ந்தது’ என்ற மூட்டை மிகப் பெரிது. ஆசை, அபிப்பிராயம், கெட்டிக்காரத்தனம் எல்லாம் அதற்குள் வரும். இன்று மனநல மருத்துவர் ‘சிறுவயது அதிர்ச்சி’ என்று சொல்வதும் அதுவும் ஒன்றில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் உங்களுக்கு அந்த வாக்குக் கிடைத்திருக்கிறது.

சுவாங்சுவின் ஐந்தாவது அதிகாரத்தில் ஷென்து ஜியா என்று ஒருவர் வருகிறார். தண்டனையாகப் பாதம் வெட்டப்பட்டவர். அவரும் ஜெங் நாட்டு அமைச்சரும் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள். அமைச்சருக்கு இவரோடு சேர்ந்து வெளியே போக வெட்கம். ஷென்து ஜியா சொல்கிறார்: முழுக்கால் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்குக் கோபம் பொங்கும், ஆசிரியரிடம் போனால் அது எங்கே போனதென்று தெரியாமல் திரும்புவேன், 19 வருடம் அவரோடு இருக்கிறேன், நான் பாதம் இல்லாதவன் என்பது ஒரு நாளும் தெரிந்ததில்லை. யாருக்குத் தெரிந்ததில்லை, ஆசிரியருக்கா இவருக்கா? மூலத்தில் எழுவாய் இல்லை, இரண்டு விதமாகவும் படிக்கலாம். மெய்ப்பில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். நல்லவேளை, யாரும் போடவில்லை.

பாதம் முளைக்கவில்லை. சிரித்தால் கோபமும் வந்துகொண்டுதான் இருந்தது. அது இறங்குவதற்கு ஓர் இடம் இருந்தது, அங்கே பாதத்தைப் பார்க்காத ஒரு மனிதர் இருந்தார். உங்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா? ஆசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை. இல்லையென்றால், உளவியல் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். எனக்கு அது ஒன்பதாவது வருடத்தில் நடந்தது. சும்மா நின்று சரிசெய்துவிடலாம் என்று எட்டு வருடம் வீம்பாக இருந்தவன், ஒருவர் எதிரே உட்கார்ந்து, என் அப்பாவைப் பற்றி முதல் தடவையாக முழு வாக்கியத்தில் பேசினேன். கம்பம் போல நிற்பது உடம்புக்குத் தரையைக் காட்டும். பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு சூ யூவின் பதில்தான் என் பதிலும்.

கேள்வி: நிற்கும்போது உடம்பு உதறுகிறது, அழுகை வருகிறது. இப்போது இரண்டு வாரமாகத் தூக்கமும் இல்லை. “பழையது வெளியேறுகிறது, தொடர்ந்து செய்” என்கிறார்கள். தொடரலாமா?
— ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். இன்றே நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

தொடை உதறுவது பெரும்பாலும் தசைக் களைப்பு. முழங்காலைக் குறைவாக மடக்கினால் போய்விடும். எப்போதாவது கண்ணீர் வந்து போனாலும் பரவாயில்லை. இரண்டு வாரம் தூக்கம் இல்லை என்பது வேறு. இல்லாத குரல் கேட்பது, தான் உடம்புக்கு வெளியே நிற்பதுபோல் தோன்றுவது, காரணமில்லாத அச்சம், இவையும் அப்படியே. இந்த ஆபத்துக்குச் சீனர்களிடம் பழைய பெயரே உண்டு: ‘ஸோ ஹுவோ ரு மோ’. நெருப்பு வழிதவறி, பேய் புகுந்தது என்று அர்த்தம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டின் நான்காம் பதிப்பிலும், சிகுங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சிக்குப் பின் வரும் மனக்குழப்ப நிலை ஒன்றைப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தார்கள். ‘வெளியேறுகிறது’ என்று சொல்கிறவர்கள் எது, எப்போது வெளியேறி முடியும் என்று சொல்வதில்லை. கேட்டுப் பாருங்கள்.

அடிபட்டு வளர்ந்தவர்களுக்குக் கண்ணை மூடி அசையாமல் இருப்பதே சில சமயம் பழைய அறைக்குள் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். மருத்துவர் சரி என்ற பிறகு, விருப்பம் இருந்தால், கண்ணைத் திறந்துகொண்டு ஐந்து நிமிடம் நடங்கள். அதுவும் பயிற்சிதான்.

கேள்வி: கலங்கிய நீர் தானாகத் தெளியும் என்று லாவோ சு சொல்கிறாரே. அப்படியானால் சும்மா இருந்தால் போதும்தானே?
— இன்னொரு வாசகர்

பதில்: அவர் பெயரில் உள்ள ‘தாவோ தே ஜிங்’ நூலில் 15-ஆம் பாடல். சேற்று நீரை அசையாமல் விட்டு மெல்லத் தெளிய வைக்க யாரால் முடியும் என்று கேட்கிறார். எல்லோரும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியிலேயே, அசையாமல் கிடப்பதை அசைத்து மெல்ல உயிர் பெற வைக்க யாரால் முடியும் என்றும் கேட்கிறார். ஒரு கண்ணாடி டம்ளரில் சேற்று நீரை வைத்துப் பாருங்கள். மேலே தெளிந்துவிடும். சேறு எங்கும் போயிருக்காது, அடியில் இருக்கும். டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்காமல் இருந்தால் பெரிய விஷயம்.

கேள்வி: 17 வருடத்தில் உங்களுக்கு எது போயிற்று, எது போகவில்லை? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
— நீண்ட நாள் வாசகி

பதில்: சரி, சொல்கிறேன். முதுகுவலி போயிற்று. அச்சாகிவிட்ட பிழையை நினைத்துத் தூக்கம் கெடுவது பாதி போயிற்று.

போகாதது ஒரு சத்தம். என் அப்பா வேலை முடிந்து வந்ததும் சாவிக்கொத்தை மேசையில் எறிவார். எறிகிற வேகத்தை வைத்து அன்று அடி உண்டா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் இறந்து 26 வருடம் ஆயிற்று. இன்றைக்கும் எங்கேயாவது சாவிக்கொத்து விழுந்தால் என் இடது தோள் காதை நோக்கி ஏறும். முன்பெல்லாம் அது ஏறியதே எனக்குத் தெரியாது, ராத்திரி கழுத்து வலிக்கும்போதுதான் தெரியும். அப்புறம் ஏறின பிறகு தெரிந்தது. இப்போது ஏறும்போதே தெரிகிறது, மூன்று மூச்சில் இறங்கிவிடுகிறது. ஏறாமல் இருந்தது கிடையாது.

சுவாங்சுவின் மூன்றாவது அதிகாரத்தில், மாட்டை அறுக்கும் திங் என்ற சமையல்காரர் இதைத்தான் தன் வேலையை வைத்துச் சொல்கிறார். அவர் கத்திக்கும் 19 வருடம், அப்போதும் புதிதாகத் தீட்டினது போலவே இருக்கிறது. ஆனாலும் எலும்பும் நரம்பும் சிக்கிக் கிடக்கிற இடம் வந்தால், இது கஷ்டம் என்று பார்த்து, நிதானித்து, கத்தியை மிக மெல்ல நகர்த்துகிறேன் என்கிறார். 19 வருடத்தில் மாட்டுக்கு முடிச்சு இல்லாமல் போகவில்லை.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள், ஐந்து வயது. என் கையிலிருந்து சாவி விழுந்தது, தோள் ஏறியது. “ஏன் தாத்தா அப்படிப் பண்றீங்க?” என்று கேட்டுவிட்டு அவளும் தோளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். மறுநாள் அவள் அம்மா சாவியை மேசையில் வைத்தபோது, என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் தூக்கினாள், விளையாட்டாக.

அன்று சாயங்காலம் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தேன். சாவி இப்போது அதில் தொங்குகிறது.