ஜெபித்தும் குணமாகாதபோது கிறிஸ்தவர்கள் எப்படி நம்பிக்கையோடு இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு இரண்டாம் முறையாகப் புற்றுநோய் வந்திருக்கிறது. வீடே முழங்காலில் நிற்கிறது. குணம் தெரியவில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று சபையில் சொல்வதைக் கேட்டாலே கோபம் வருகிறது. கஷ்டத்தின் நடுவில் உங்களால் எப்படி விசுவாசத்தோடு இருக்க முடிகிறது?

உங்கள் கோபத்தில் தப்பே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் வந்தது, இரண்டு வருடம் இருந்தது. அதனால் ஒரு போதகர் சொல்லும் பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே கோயில் (சர்ச்சை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்), சேகரம் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்), அசனம் (சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) என்று வளர்ந்தவர்கள். 2016இல் என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்ததால் சிகிச்சைச் செலவு எங்களை மூழ்கடிக்கவில்லை. மற்றது எல்லாம் மூழ்கடித்தது.

டயாலிசிஸ் வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பெரிய பாடு ஊசி இல்லை, தண்ணீர்தான். நாள் முழுவதற்கும் சேர்த்து அவளுக்கு முக்கால் லிட்டர். ஒரு பழைய பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். மாத்திரை போட ஒரு மடக்கு, மத்தியானம் ஒரு மடக்கு என்று கோட்டைப் பார்த்துப் பார்த்துக் குடிப்பாள். எங்கள் ஊரில் பங்குனி சித்திரையில் பதநீர் இறக்குவார்கள். காலையில் சைக்கிளில் கொண்டுவருகிறவர் தெருமுனையில் குரல் கொடுப்பார். பொட்டாசியம் கூடிவிடும், பதநீரும் இளநீரும் வாயிலேயே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் குரல் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். ஒரு குவளை பதநீருக்கு ஆசைப்பட்ட ஒரு ஜீவனுக்கு அது ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று அப்போது யாராவது எனக்கு விளக்கம் சொல்லியிருந்தால் அவரை அடித்திருப்பேன்.

விளக்கம் சொல்ல ஆள் வராமல் இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க" என்றார். என் மனைவி அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் தோழியின் பென்சிலை எடுத்தது வரைக்கும் யோசித்தாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியாமல் இருந்தது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் பாவம் செய்தார்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவருமே இல்லை என்று இயேசு சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்த மனிதரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

இன்னொருவர், விசுவாசம் இருந்தால் அடுத்த டயாலிசிஸுக்குப் போகாதீர்கள், கர்த்தர் செய்கிறதைப் பாருங்கள் என்றார். பயத்தில், ஆசையில், ஒரு வெள்ளிக்கிழமை போகாமல் விட்டோம். ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே திணறினாள். ஆட்டோவில் நான் பிடித்துக்கொண்டு போன அந்த இருபது நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள்: அம்மாவின் கீமோவை யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதீர்கள். அப்போஸ்தலன் பவுலோடு கூட நடந்த லூக்கா ஒரு வைத்தியர். வயிற்றுக் கோளாறுக்குத் தீமோத்தேயுவைக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னதும் பவுல்தான். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று அதே பவுல் தன் கடைசிக் கடிதத்தில் எழுதுகிறார். தன் கைப்பட்டு எத்தனையோ பேர் சுகமானதைக் கண்டவர், கூட்டாளி ஒருவரைச் சுகமில்லாமலே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த ஒரு வரியில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வரி பெரிய ஆறுதல்.

சரி, நம்பிக்கை எங்கே இருந்து வந்தது என்று கேட்கிறீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா உண்டு. எழுபது தாண்டியவர். புதன்கிழமை தோறும் டவுன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். ஒரு சம்படத்தில் எனக்கு நாலு இட்லி. மிஷின் ஓடும்போது கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் மனைவியின் காலைத் தடவிக்கொண்டிருப்பார். டயாலிசிஸில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், அதற்காக. நான்கு மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். வசனம் சொல்ல மாட்டார். பத்தொன்பது வயது மகனைப் பறிகொடுத்தவர் என்பது ஊருக்கே தெரியும்.

ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "பெரியம்மா, நீங்க எப்படித் தாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"யாருய்யா தாங்குனா?" என்றார். "ஒரு வருசம் கோயில் வாசலையே மிதிக்கல. அப்ப இருந்த போதகர் ஐயர் சாயங்காலம் சாயங்காலம் வந்து திண்ணையில இருந்துட்டுப் போவாரு. ஜெபம் பண்ணட்டுமான்னு கூடக் கேக்க மாட்டாரு. ஒருநா நானே, பண்ணுங்க ஐயான்னேன்."

வேதத்தில் பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்களைப் பற்றி நாம் எப்போதும் குறையாகத்தான் பேசுகிறோம். ஆனால் அவர்கள் வந்தவுடன் செய்தது சரியான காரியம். ஏழு நாள், ராவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பக்கம் பக்கமாகக் கடவுளுக்காக வாதாடிய அவர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடவுளே முடிவில் சொல்கிறார். அத்தனை அதிகாரமும் ஏன் ஏன் என்று கேட்டுச் சண்டை போட்ட யோபுதான் சரியாகப் பேசியவன்! சிறு வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் யோபுவின் பொறுமையைப் பற்றியே கேட்டு வளர்ந்த எனக்கு, நாற்பது வயதுக்கு மேல்தான் இது கண்ணில் பட்டது.

2018 பெரிய வெள்ளி. பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஊரில், இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகள் தியானம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை மிஷின் நாள், போக முடியாது. "அத்தான், நீங்களே வாசிங்க" என்றாள். பக்கத்துக் கட்டில்களுக்குக் கேட்காமல், போனில் பார்த்து மெதுவாக வாசித்தேன். நாலாவது வார்த்தை வந்தது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. இரண்டு வருடமாக நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதானே. அவள் ஊசி குத்தாத கையால் என் கையைத் தட்டிக் கொடுத்து, "அவரே கேட்டிருக்காரே, நாம கேட்டா என்ன?" என்றாள்.

அன்றிலிருந்து நான் கேட்கத் தொடங்கினேன். அதுவரை ஜெபம் என்றால் ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து ஸ்தோத்திரத்தில் முடிக்க வேண்டும் என்று நினைத்து, அது வராததால் ஜெபிக்காமலே இருந்தேன். சிலுவையில் அவர் சொன்னது அவர் புதிதாக உண்டாக்கிய வார்த்தை இல்லை, இருபத்திரண்டாம் சங்கீதத்தின் (வேதத்தில் இருக்கிற பழைய பாடல்களில் ஒன்று) முதல் வரி. சிறு வயதில் மனப்பாடம் செய்த ஒரு புலம்பலைத்தான் சாகும்போது அவரும் சொன்னார் என்று நான் நம்புகிறேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுகள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்குகிறது. அது கடைசியில் பாட்டாக மாறிவிடும். எண்பத்தெட்டாம் சங்கீதம் மாறுவதே இல்லை. இருட்டில் தொடங்கி, சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு "ஆனாலும்" கூடக் கிடையாது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், அதையும் கோயிலில் வாசிக்கிறோம். அப்படியென்றால் துதிக்க வராத நாளிலும் எனக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது. என் விசுவாசம் பிழைத்தது அந்த இடத்தில்தான்.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமை திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிற டோனாவூர் போனோம். ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பிரியம். அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, இந்துக் கோயில்களுக்குத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு வீடு கொடுத்தவர். 1931இல் ஒரு பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான். அவருக்காக எத்தனை பிள்ளைகள் எத்தனை இரவு ஜெபித்திருப்பார்கள்! எழுந்து நடக்கவில்லை. படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். கல்லறைக்கு மேல் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல் தொட்டிதான் இருக்கிறது, அதில் "அம்மை" என்று ஒரே சொல். என் மனைவி அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இருபது வருசமா அத்தான்!" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் காரில் நிம்மதியாகத் தூங்கினாள்.

2019 நவம்பரில் அவள் போய்விட்டாள்.

இதை எழுதாமல் பதில் முழுசாகாது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைப்பார்கள். அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே வண்டு ரீங்காரமிடுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மூன்று வருடம் ராத்திரி தூங்கும் முன் அவள் இடது கையில் என் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன். அந்தக் கடைசி நாளிலும் பழக்கத்தில் காதை வைத்தேன்.

அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒருவர், "அழக்கூடாது, அவங்க கர்த்தர்கிட்ட இருக்காங்க" என்றார். இறந்துபோன லாசருவை இன்னும் சில நிமிடத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்த இயேசுவே அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கமே படாதீர்கள் என்று எழுதவில்லை. நானும் என் மகளும் நன்றாக அழுதோம். பெரியம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஈஸ்டர் 2020 ஏப்ரல் 12. ஊரடங்கு. கோயில் பூட்டு. எங்கள் ஊரில் ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுவோம், விடியும்வரை. அவள் போன பிறகு வந்த முதல் ஈஸ்டர் அது, போக முடியவில்லை. நாலரை மணிக்கு என் மகள் என்னை எழுப்பினாள். வாசல்படியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். எதிர் வீட்டிலும் ஒன்று, அதற்கடுத்த வீட்டிலும் ஒன்று. யாரும் சொல்லி வைக்கவில்லை. மகள் யோவான் இருபதாம் அதிகாரத்தை வாசித்தாள். உயிர்த்தெழுந்த இயேசு தோமாவிடம் தம் கைகளைக் காட்டுகிற இடம். உயிர்த்த பிறகும் அந்தக் கையில் தழும்பு இருந்திருக்கிறது. அது துடைத்து அழிக்கப்படவில்லை. எனக்கு என் மனைவியின் இடது கை ஞாபகம் வந்தது, ஊசி குத்திக் குத்தி மேடுதட்டிப்போன கை. அந்தக் கையை நான் மறுபடி பிடிப்பேன் என்று நம்புகிறேன். மனசு சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். அவளுக்கு ஏன் வந்தது என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுகிறது இவ்வளவுதான். காரணம் சொல்ல வருகிறவர்களை வாசலோடு மரியாதையாக அனுப்பிவிடுங்கள், அம்மா காதில் விழ வேண்டாம். சும்மா வந்து உட்காருகிற ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள், கீமோ நாளில் அவர் வரட்டும். உங்களால் ஜெபிக்க முடியாவிட்டால் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், ஆமென் சொல்லத் தோன்றாவிட்டால் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குச் சாப்பிட ஆசையானது எதுவோ, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்தால் வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் வியாதிப்பட்டவர்களுக்காகப் பெயர் சொல்லி வேண்டுவார்கள். அம்மாவின் பெயரை மட்டும் எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், ஊர் எல்லாம் வேண்டாம். இந்த வாரமே சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். பெரியம்மா இன்னும் இருக்கிறார். அவரிடமும் சொல்கிறேன்.