மாமனாருக்கு யூரின் கேனை யார் பிடிப்பது?

கேள்வி: டாக்டர், நான் குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். மாமனாருக்கு 71 வயது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் வராமல் போய்விட்டது, பேச்சு குழறுகிறது, ஆனால் நினைவு தெளிவு. கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்விடுவார், பகலெல்லாம் நான் மட்டும்தான். யூரின் கேனைக் கையில் எடுத்தாலே மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மகன் வரும்வரை அடக்கிக்கொண்டே கிடக்கிறார், அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. போன வாரம் ராத்திரி தானே எழுந்து பாத்ரூம் போகப் பார்த்து விழுந்துவிட்டார், நல்லவேளை அடி இல்லை. பேசாமல் சிறுநீர் போக டியூப் போட்டுவிடலாமா?

பதில்: டியூப் இப்போதைக்கு வேண்டாம்மா, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மருமகள் கேனைப் பிடிக்க ஒண்ணுக்குப் போவது எந்த மாமனாருக்கும் கூசத்தான் செய்யும். மருமகள் எதிரில் தோளில் துண்டு இல்லாமல் உட்காராத ஆட்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். ‘என்னை மகளாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பார்த்திருப்பீர்கள், அது வேலைக்கு ஆகாது. அவருக்கு இடது கை நன்றாக இருக்கிறது, நினைவும் தெளிவு, அப்புறம் கேனை நீங்கள் எதற்குப் பிடிக்க வேண்டும்? அவரே பிடித்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் எடுத்து வைப்பதும் பின்னால் எடுத்துப் போவதும் மட்டும் உங்கள் வேலை.

மெடிக்கல் ஷாப்பில் ஆண்களுக்கான கேன், கைப்பிடியும் மூடியும் அளவுக் கோடும் உள்ளதாக இரண்டு வாங்குங்கள், ஒன்று காயும்போது இன்னொன்று இருக்கும். பெரும்பாலும் ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரு தடவைக்கு 300, 400 மில்லி போவார், அப்போதே கொட்டிவிட்டால் அடுத்த தடவை ஒற்றைக் கையில் தூக்கக் கனமாக இருக்காது.

கேன் அவருடைய இடது கைக்கு எட்டும் இடத்தில், கைப்பிடி அவர் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். கட்டிலின் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் படுக்க வையுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று வீட்டில் யாராவது கிளம்பினால் கட்டிலையே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். கேனுக்குத் தனி ஸ்டூல் போடுங்கள். தண்ணீர் டம்ளரும் மாத்திரையும் இருக்கிற ஸ்டூலில் கேனையும் வைத்தால் அவர் அந்தத் தண்ணீரைத் தொடக்கூட மாட்டார்.

உட்கார முடிந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போவதுதான் நல்லது, சிறுநீர்ப் பை முழுசாகக் காலியாகும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், வலது பக்கம் சாயாமல் இருக்கத் தலையணை முட்டுக் கொடுக்க வேண்டும், உடம்பு நிலைத்து நிற்கிறதா என்று தெரிகிறவரை கணவர் இருக்கும்போது மட்டும் பழகட்டும். மற்ற நேரத்தில் படுத்தபடியே போகலாம். முதுகுக்குத் தலையணை கொடுத்துத் தலையை உயர்த்தி, கால்களை அகட்டி, கேனை நடுவில் வைத்து, ஆண்குறி கேனின் வாய்க்குள் நன்றாகப் போயிருக்கிறதா என்று அவரே கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கேனின் அடிப்பக்கம் வாயைவிடத் தாழ்ந்திருந்தால் திரும்பி வழியாது. விளிம்பு விதையில் அழுத்தக் கூடாது. போய் முடித்ததும் கேனை எடுத்துவிட வேண்டும், அப்படியே விட்டால் உணர்ச்சி குறைந்த இடத்தில் புண் வந்துவிடும், சர்க்கரை இருந்தால் சீக்கிரமே வரும். துடைக்கும்போது முன்தோலைப் பின்னால் தள்ளினால் மறக்காமல் முன்னால் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வீங்கி இறுகிக்கொள்ளும். இதையெல்லாம் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

உடைக்குக் கவலை இல்லை, உங்கள் ஊர் லுங்கியைவிட இதற்கு வசதியானது கிடையாது. ஜட்டி வேண்டாம், லுங்கிக்கு மேல் ஒரு போர்வை, கீழே ரப்பர் ஷீட்டும் பழைய துணியும். சிந்தினாலும் பரவாயில்லை என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

‘ஒண்ணுக்கு வருதா மாமா?’ என்று கூடத்தில் இருந்து சத்தமாகக் கேட்காதீர்கள். எழுந்ததும், காபிக்குப் பிறகு, அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ‘மாமா, கேன் வெச்சிருக்கேன், நான் அடுப்படியில இருக்கேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். பக்கத்தில் ஆள் நின்றால் பல ஆண்களுக்குச் சிறுநீரே இறங்காது. கூப்பிட ஒரு மணி கொடுத்துவிடுங்கள், பூஜை மணியாக இருந்தாலும் சரி. மூடி போட்டு எடுத்துப் போங்கள், விருந்தாள் வந்திருக்கும்போது இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கொட்டுமுன் அளவையும் நிறத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துக் கையையும் கழுவுங்கள்.

தண்ணீரைக் குறைப்பது ஆபத்து, அதுவும் கத்திரியில் 40 டிகிரி தாண்டுகிற நம் வேலூர் வெயிலில். சிறுநீர் கடுத்துத் தேங்கினால் கிருமி சேரும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு, இல்லையென்றால் பகலில் தாராளமாகக் கொடுத்துப் படுக்க இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்துங்கள். குடிக்கும்போது புரையேறினால் மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், பேச்சு குழறுகிறவர்களுக்கு அது சகஜம். ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும், கேன் கையருகில் இருக்கட்டும். பிரஷர் மாத்திரையோ ப்ராஸ்டேட் மாத்திரையோ சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், அதனால் எழுந்து உட்கார்ந்து ஓரிரு நிமிடம் கழித்துத்தான் எதுவும்.

உட்காரப் பழக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையம் 1966 முதல் இயங்குகிறது, அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தே வேலை பார்த்தவர். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது டியூப். அது உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமித்தொற்று வாய்ப்பு கூடும், சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் அது, நம் வசதிக்கு இல்லை. கேனால் ராத்திரி சமாளிக்க முடியவில்லை என்றால் ஆணுறை மாதிரி மேலே மாட்டுகிற காண்டம் கதீட்டர் இருக்கிறது, தினமும் மாற்றித் தோலைப் பார்க்க வேண்டும், முதல் தடவை நர்ஸ் மாட்டிக் காட்டட்டும்.

ஆறு எட்டு மணி நேரமாகப் போகாமல் அடிவயிறு கல்லாக இருந்தாலோ, சொட்டுச் சொட்டாக ஒழுகினாலோ, குளிர்காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், திடீர்க் குழப்பம் என்று வந்தாலோ விடியட்டும் என்று பார்க்காதீர்கள், அப்போதே ஆட்டோவோ ஆம்புலன்ஸோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.