ஸ்லைஸ், மூன்று பட்: எந்தப் பயிற்சிக் கருவி உதவும்?

கேள்வி: ஒரு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். டிரைவரில் (தூரமாக அடிக்கும் நீளமான கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) அடிக்கும் பந்து ஸ்லைஸ் ஆகி, அதாவது வலப்பக்கம் வளைந்து போய்விடுகிறது. கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) வந்தால் பல குழிகளில் மூன்று பட் ஆகிறது, அதாவது பந்தை உருட்டிக் குழியில் போட மூன்று அடி தேவைப்படுகிறது. இணையத்தில் ஏகப்பட்ட பயிற்சிக் கருவிகள் விற்கிறார்கள். எதை வாங்கினால் பலன் இருக்கும்?

பதில்: எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் ஒன்றை யோசியுங்கள். நான் தப்பாக அடித்தால் இது உடனே காட்டிக்கொடுக்குமா? ஆம் என்றால் வாங்கலாம். கையையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்து ஸ்விங்கை (மட்டை வீச்சை) வரவழைக்கும் கருவிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. மாட்டியிருக்கும்வரை ஸ்விங் அழகாக வரும். கழற்றியதும் உடம்பு பழைய வழிக்கே போய்விடும்.

நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். பந்தைத் தொடும் நொடியில் கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு), கிளப் வரும் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ் வரும். அதற்குப் பயந்து பலர் இடப்பக்கம் பார்த்து நிற்கப் பழகிவிடுகிறார்கள். அப்போது கிளப் வெளியிலிருந்து உள்ளே இன்னும் வெட்டிக்கொண்டு வரும், வளைவும் கூடும். அதனால் முதலில் வேண்டியது இரண்டு அலைன்மென்ட் ஸ்டிக் (திசை காட்டத் தரையில் வைக்கும் குச்சி). எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் மெல்லிய பிவிசி பைப்பும் போதும். ஒன்றைப் பந்துக்கு அப்பால் இலக்கை நோக்கியும், மற்றொன்றை அதற்கு இணையாகக் கால்விரல்களுக்கு முன்னாலும் வையுங்கள். நேராக நிற்பதே முதலில் கோணலாகத் தோன்றும். அந்த உணர்வு போக சில வாரம் ஆகும்.

அப்புறம், பந்துக்கு ஓர் அடி பின்னால், பந்துக்கு அந்தப் பக்கமாக (உங்களிடமிருந்து விலகிய பக்கம்) நாலு விரல் தள்ளி ஒரு காலி அட்டைப் பெட்டியை வைத்து, 7ஆம் எண் அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத் தலை கிளப்) அரை ஸ்விங் அடியுங்கள். பாதை தப்பினால் பெட்டி பறக்கும். பந்தின் பின்புறம் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அடித்தால், முகத்தில் எங்கே பட்டது என்று மையே சொல்லிவிடும். ஐந்து பந்து கருவியோடு, ஐந்து பந்து இல்லாமல் என்று மாற்றி மாற்றி அடிப்பது முக்கியம்.

பட்டிங்குக்கு வருவோம். குழியின் விட்டம் 4.25 அங்குலம்தான். 10 அடியிலிருந்து பந்து 1 டிகிரி விலகிக் கிளம்பினாலே குழியருகே சுமார் 2 அங்குலம் தள்ளிப் போகும், அதாவது விளிம்புக்கு. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் பட்டர் (பந்தை உருட்டும் கிளப்) முகம்தான் தீர்மானிக்கிறது. முகத்தின் நடுவில் அடித்துப் பழக இரண்டு டீ (பந்தைத் தாங்கத் தரையில் குத்தும் சிறு ஆணி) போதும். பட்டர் தலை மட்டும் நுழையும் இடைவெளியில் அவற்றை நட்டு, நடுவே பந்தை வைத்து அடியுங்கள். தலை விலகி வந்தால் டீயில் 'டக்' என்று இடிக்கும். டைகர் உட்ஸ் பல ஆண்டுகளாகச் செய்யும் பயிற்சி இது. கொத்தனார் நூலை இரண்டு குச்சிகளில் கட்டிப் பந்துக்கு மேலே இழுத்துவிட்டால், நேர்ப் பட்டுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

வீட்டில் விரிக்கும் பட்டிங் பாயில் ஒரு எச்சரிக்கை. பலவற்றில் குழிக்கு முன் மேடு இருக்கும். அதில் ஏற்றுவதற்காக ஓங்கி அடித்தே பழகிவிடுவீர்கள். சமதளமான பாயாகப் பாருங்கள்.

ஆனால் மூன்று பட்டுக்கு முக்கியக் காரணம் திசை அல்ல, முதல் பட்டின் தூரம். இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பயிற்சி கிரீனில் 20, 30, 40 அடியில் டீ நட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று அடிக்குள் பந்தை நிறுத்தப் பாருங்கள். தினமும் கால் மணி நேரம் இதற்கே கொடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இவை எல்லாம் பயிற்சிக்குத்தான். ஆட்டத்தின் நடுவே ஸ்டிக்கைத் தரையில் வைத்துத் திசை பார்த்தால் விதி 4.3இன்படி ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணி ஆடும் முறை) 2 ஸ்ட்ரோக் தண்டனை. மறுபடி செய்தால் தகுதி நீக்கம். பையில் இருப்பது தப்பில்லை, வெளியே எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.