போய் உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களா?

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. 20 வயது மகன் அமெரிக்கத் தரைப்படையில் சிப்பாய். உடன் பணிபுரியும் பெண் ஒருவர் அவன்மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்திருக்கிறார். ராணுவத்தின் சிஐடி பிரிவு விசாரணைக்கு அழைத்திருக்கிறது. "நான் தவறு செய்யவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன்" என்கிறான். அனுப்பலாமா?

பதில்: மேலதிகாரி ஆணையிட்டால் உங்கள் மகன் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ராணுவ நீதிச் சட்டத் தொகுப்பின் 31-வது பிரிவுப்படி, என்ன குற்றத்துக்காகச் சந்தேகிக்கிறார்கள், மௌனமாக இருக்க உரிமை உண்டு என்பதையெல்லாம் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்வார்கள். சொன்ன கையோடு 3881 என்ற எண்ணுள்ள படிவத்தை நீட்டுவார்கள். உரிமையை விட்டுக்கொடுத்துப் பேசச் சம்மதிப்பதற்கான கையெழுத்தையும் அதில்தான் கேட்பார்கள். உத்தரவு என்றாலே "சரி ஐயா" என்று பழகிய பிள்ளை, படிக்காமலே போட்டுவிடும். "வழக்கறிஞர் வேண்டும். அதுவரை எதற்கும் பதில் சொல்ல மாட்டேன்" என்று சொன்னால் போதும்.

புகார் கொடுத்தவரிடமிருந்து "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று திடீரெனக் குறுஞ்செய்தி வரலாம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருக்கக்கூடும். சண்டை வேண்டாமே என்று "மன்னித்துவிடு" என அனுப்பினால், அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று வாதிடுவார்கள். பயந்துபோய்ச் செய்திகளை அழித்தாலோ, நீதிக்கு இடையூறு செய்ததாகத் தனிக் குற்றச்சாட்டு சேரும்.

நீங்களும் தொலைபேசியில் "என்னதான்டா நடந்தது?" என்று கேட்காதீர்கள். பெற்றவர்களுக்கு இது கொடுமைதான். ஆனால் வழக்கறிஞரிடம் பேசுவதற்கு உள்ள பாதுகாப்பு பெற்றோரிடம் பேசுவதற்கு இல்லை. உங்களையே சாட்சியாக அழைக்கலாம்.

ராணுவத் தற்காப்பு வழக்கறிஞர் இலவசம். அவர் உங்கள் மகனின் தளபதிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். முதலில் அவரைப் பார்க்கட்டும். சொந்தச் செலவில் தனியாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால் ராணுவ நீதிமன்றத்தில் எத்தனை வழக்குகள் வாதாடினார் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துக்கொடுத்த வக்கீல் இதற்கு உதவ மாட்டார்.

2023 டிசம்பர் இறுதிக்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படும் இத்தகைய குற்றங்களில், வழக்குத் தொடர்வதா என்பதைத் தளபதி முடிவு செய்வதில்லை; சிறப்பு அரசு வழக்கறிஞரே முடிவு செய்கிறார். பொது ராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் 8 பேர் கொண்ட குழுவில் 6 பேர் குற்றவாளி என்றாலே போதும். ராணுவத்துக்கு வெளியே உள்ள குற்றவியல் நீதிமன்றம்போல ஒருமனதாக இருக்க வேண்டியதில்லை. தண்டனை 30 ஆண்டுகள் வரை போகலாம், அவமதிப்புடன் படைநீக்கமும் கட்டாயம். காவலில் வைத்தால் ஜாமீன் என்ற ஏற்பாடே ராணுவத்தில் கிடையாது.

இன்றிரவே அழையுங்கள். "வழக்கறிஞர் வேண்டும்" என்ற அந்தப் பதிலை மட்டும் சொல்லிக்கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.