மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எல்லா நோய்க்கும் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டுமா?

தேவையில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஒரு மாரிகாலத்தில், வயல் காவலுக்குப் போன அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. நள்ளிரவு. துறையில் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) ஓடாத நேரம். நகரத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்றார். அம்மா கேட்கவில்லை, பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் முதலில் செய்தது, கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்ததுதான். குழாயைச் சரித்தபோது இரத்தம் உறையாமல் தண்ணீர் போல ஓடியது. விடம் ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். உடனே அம்புலன்சில் ஏற்றி, வவுணதீவு வழியாகச் சுற்றி, வலையிறவுப் பாலம் கடந்து போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அப்பா பிழைத்தார். அந்த 20 நிமிடத்தை வீண் என்று இன்றுவரை நான் நினைத்ததில்லை.

எந்த வைத்தியசாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் பயில்வதும் அங்கேதான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் வந்தன. களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, காத்தான்குடி, ஏறாவூர் ஆகிய இடங்களில், பிரதேச வைத்தியசாலையை விடப் பெரிய ஆதார வைத்தியசாலைகள் உண்டு.

அம்பாறை மாவட்டத்துக்குப் பிராந்திய சுகாதாரப் பணிமனைகள் இரண்டு. ஒன்று அம்பாறையில், மற்றது கல்முனையில். அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் எல்லாம் கல்முனையின் கீழ்தான் வருகின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் இதை அறியாமல் அம்பாறை நகரத்துக்குக் கடிதம் கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். கல்முனையில் மட்டும் இரண்டு ஆதார வைத்தியசாலைகள்: கல்முனை வடக்கு ஒன்று, அஷ்ரப் ஞாபகார்த்தம் மற்றது.

சீனி, பிரஷர் மருந்துக்கெல்லாம் விடியற்காலை பஸ் ஏறி நகரத்து கிளினிக்கில் துண்டுக்குக் காத்திருக்காதீர்கள். கிளினிக் புத்தகத்தைக் கையில் கொண்டுபோனால் ஊர் வைத்தியசாலையிலேயே மாத மருந்து எடுக்கலாம். நெஞ்சுவலி என்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. பாம்பு கடித்தால் காலை இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, எது கிட்டவோ அந்த வைத்தியசாலைக்குப் போங்கள். மேலே அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே அனுப்புவார்கள்.