ஸ்லீப்பில் போட்ட டெஸ்க்டாப் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. விண்டோஸ் மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு விண்டோஸைத் தொடாதீர்கள்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கருவாட்டுக் கம்பெனி அலுவலகம், ராத்திரி ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போனால் காலையில் ஃபேன் ஓடுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஒழுங்காக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பாம்பனில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறவன். இந்தப் புகாருக்குப் பலரும் எடுத்த எடுப்பில் செய்வது ஃபார்மட்தான். கணக்கு சாஃப்ட்வேர், பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி அரை நாள் போகும். மறுநாள் காலை அதே கருப்புத் திரை நிற்கும்.

நாளைக் காலை முதல் வேலையாக கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். ஒயர் உள்ள கீபோர்டாக இருக்கட்டும். தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால் சிஸ்டம் விழித்துவிட்டது, படம்தான் திரைக்குப் போகவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) என்ற நான்கு கீயையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். படம் வந்துவிட்டால் டிரைவரைப் புதுப்பித்தால் போதும். வராவிட்டால் மானிட்டரின் பவர் ஒயரைப் பிடுங்கிச் சொருகுங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். மானிட்டரே தூங்கிக்கொண்டிருக்க, பாவம், சிபியூவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை, ஃபேன் மட்டும் ஓடுகிறது என்றால் கதை வேறு. உங்களுடையது இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்லீப்பில் பிராசஸர், டிஸ்க், ஃபேன் எல்லாம் நின்றுவிடும். ரேம் மட்டும் சொட்டுக் கரண்டில் உயிரோடு இருக்கும். எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்ட போட்டில் பேட்டரி லைட் மட்டும் எரிகிற மாதிரி. முழுதாக அணைத்துப் போடும்போது மதர்போர்டு ரேமைச் சோதித்து, எந்த அளவில் ஓட்டலாம் என்று பார்த்துக்கொள்ளும். தூக்கத்திலிருந்து எழும்போது அந்தப் பொறுமை கிடையாது, முன்பு குறித்து வைத்த அளவுகளை அப்படியே போட்டு ஓட்டப் பார்க்கும். அதனால்தான் ரேம் தொடர்பில் லேசான கோளாறு இருந்தால் பட்டன் போட்டால் வருகிற சிஸ்டம் ஸ்லீப்பிலிருந்து வராது.

இங்கே ரேம் தொடர்பு கெடுவதற்குக் கேட்கவா வேண்டும்? மண்டபத்தில் வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம், எந்தக் காற்று அடித்தாலும் உப்புதான். சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீர் கோர்த்துக் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரம் பிடித்துவிடும். பகலில் ஓடுகிற சூட்டில் காய்ந்திருக்கிற தூசி, ராத்திரி ஸ்லீப்பில் பெட்டி குளிர்ந்ததும் நசநசவென்று ஆகிவிடும். எங்கள் கடைக்கு வருகிற பெட்டிகளைத் திறந்தால் பின்பக்க யுஎஸ்பி போர்ட்டின் தகரத்தில் துரு, செம்பு தெரிகிற இடத்தில் பச்சைக் களிம்பு. ரேமின் தங்கப் பூச்சு துருப்பிடிக்காது. ஆனால் அதன் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம், விரல் வைத்தால் ஒட்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சக் கரண்டை விடுங்கள். ரேமைக் கழற்றி, பஞ்சு நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தங்கக் கோடுகளைத் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம், வேலை செய்யும்தான், ஆனால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு போகும், ரப்பர்த் தூள் ஸ்லாட்டுக்குள் விழும். ஸ்லாட்டை உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்தோடு எதையும் உள்ளே விடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு பக்கமும் டிக் என்று பூட்டும்படி அழுத்திப் போடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஸ்லீப் செய்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பயாஸில் (மதர்போர்டின் சொந்த செட்டிங் திரையில்) ரேமை வழக்கத்தை விட வேகமாக ஓட்டுகிற எக்ஸ்எம்பி ஆனில் இருந்தால் அதை அணைத்தும் ஒருமுறை பாருங்கள்.

அப்படியும் எழவில்லையா? எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் தருகிற பவர் சப்ளை பெட்டியை, சந்தேகப்படுங்கள். நான் சொன்ன சொட்டுக் கரண்ட், மதர்போர்டில் சொருகியிருக்கிற 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர் வழியாக வருகிற 5 வோல்ட். மல்டிமீட்டரின் கருப்பு முனையைக் கருப்பு ஒயரிலும் சிவப்பு முனையை ஊதாவிலும் வைத்துப் பார்த்தால் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் நிற்க வேண்டும். எழுப்புகிற நேரத்தில் சரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். ஒயரின் நிறம் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் ஒன்றுபோல இருக்காது, எல்லாமே கருப்பாக வருவதும் உண்டு. அப்போது தெரிந்தவரிடம் விடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில காலைகளில் கருப்புத் திரைக்குப் பதிலாக மதர்போர்டு லோகோ வந்து முதலிலிருந்து பூட் ஆகிறதா? அது பெரும்பாலும் ரிப்பேர் இல்லை, ராத்திரி கரண்ட் போயிருக்கும், ரேமில் இருந்தது அழிந்திருக்கும். சேவ் செய்யாத கணக்கு போனதுதான். பவர் ஆப்ஷன்ஸ் அட்வான்ஸ்டில் ஹைப்ரிட் ஸ்லீப் இருந்தால் ஆன் செய்யுங்கள், ரேமில் உள்ளதன் நகல் ஒன்று டிஸ்கிலும் இருக்கும்.

என்னைக் கேட்டால், கடையைப் பூட்டிவிட்டுப் போகிற அலுவலகத்துக்கு ஸ்லீப்பே வேண்டாம். மதியம் சாப்பிடப் போகிற நேரத்துக்குச் சரி. ராத்திரிக்கு ஹைபர்னேட் போடுங்கள். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் பகுதியில் டிக் செய்தால் மெனுவில் வந்துவிடும். எல்லாம் டிஸ்கில் எழுதப்பட்டுவிடுவதால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகலாம். எஸ்எஸ்டி இருந்தால் காலையில் ஸ்லீப்பை விடக் கொஞ்ச நேரம்தான் கூடுதலாகும். ஆனாலும் ரேமைத் துடைப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். இன்று ஸ்லீப்பில் படுத்துகிற அதே தொடர்பு நாளை சீசன் நேரத்தில் பில் போடும்போது சிஸ்டத்தை நிறுத்தி எர்ரர் திரையாக வந்து நிற்கும்.